பாட்டி வீட்டு நீலக் கதவு மாதிரி பெயிண்ட் வெடிச்ச லுக் வேணும், ரெண்டு தடவை பண்ணியும் வரல

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன்.

கும்பகோணத்துல எங்க பாட்டி வீட்ல கூடத்துலேர்ந்து அடுக்களைக்குப் போற கதவு ஒண்ணு இருந்துச்சு. நீலம், ஆனா சுத்த நீலம் இல்ல, லேசா பச்சை கலந்த மாதிரி. அந்தப் பெயிண்ட் பூரா வெடிச்சு, வெடிப்புக்கு நடுவுல அடியில இருந்த காவி கலர் தெரியும். சின்ன வயசுல மத்தியானம் எல்லாரும் தூங்கறப்ப நானும் தம்பியும் அந்தக் கதவுகிட்ட உக்காந்து நகத்தால ஒவ்வொரு சில்லா பேத்து எடுப்போம், பாட்டி பாத்தா திட்டுவாங்க. போன வருஷம் வீட்டை வித்தாச்சு, வாங்கினவங்க இடிச்சிட்டாங்க, கதவையாவது கேட்டு வாங்கிடலாம்னு நான் கிளம்பறதுக்குள்ள லாரி வந்து மரச்சாமான் எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடுச்சு. அது இன்னும் மனச உறுத்திட்டே இருக்கு.

இப்ப ஆசாரிகிட்ட சொல்லி மாமரத்துல சின்னதா ஒரு சுவர் அலமாரி செஞ்சு வாங்கியிருக்கேன், ரெண்டு தட்டு, ஒரு குட்டிக் கதவு. அதுல அந்தக் கதவோட தோல் மாதிரி கொண்டுவரணும்னு ஆசை.

முதல் தடவை உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்சு, அடியில பிரவுன் எனாமல் ரெண்டு கோட் அடிச்சேன், பளபளன்னு வந்துச்சு. பசை மேல பெயிண்ட் அடிச்சா வெடிக்கும்னு கேள்விப்பட்டு மறுநாள் ஃபெவிகால் தடவி ராத்திரி பூரா காயவிட்டேன், காலைல பாத்தா கண்ணாடி மாதிரி தெளிவா ஆயிருந்துச்சு, அது மேல வீட்டுச் சுவத்துக்கு அடிச்சதுல மீந்த நீல எமல்ஷன அடிச்சேன், விலை கூடின வகை, கறை பட்டா தொடச்சுக்கலாம்னு சொல்லி விப்பாங்கல்ல அது. ஒரு வெடிப்பு கூட வரல. ரெண்டாவது தடவை, பசை ஈரமா இருக்கும்போதே அடிக்கணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, சரின்னு எல்லாத்தையும் சுரண்டிட்டு ஃபெவிகால கெட்டியா ஊத்தி உடனே மேல அடிச்சேன். பசையும் பெயிண்ட்டும் ஒண்ணா கலந்து வழுக்கிட்டு ஓடுது, சரி பண்ணலாம்னு திரும்பத் திரும்ப பிரஷ்ஷ இழுத்தா திரண்டு திரண்டு உதிர்ந்த புட்டு மாதிரி ஆயிடுச்சு.

நான் இருக்கறது வேளச்சேரி, இப்ப கார்த்திகை மழை வேற. கடையில கிராக்கிள் மீடியம்னு ஒரு பாட்டில் விக்கறாங்க, அதைத்தான் வாங்கணுமா, இல்ல ஃபெவிகால்லயே வருமா? எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தூரிகைக்காரன்:

வணக்கம்மா. எனக்கு 20 வருஷத்துக்கு மேல பெயிண்ட் வேலைதான், மதுரையில. கொஞ்ச வருஷமா ரெஸ்டாரன்ட், பொட்டிக் கடைன்னு இந்தப் பழைய லுக் கேக்கறவங்க நிறைய வர்றதால இதையும் செஞ்சு தர்றேன். ஃபெவிகால்லயே நல்லா வரும், பாட்டில் வாங்கணும்னு அவசியம் இல்ல.

முதல்ல உங்க பாட்டி வீட்டுக் கதவு ஏன் வெடிச்சுச்சுன்னு சொல்லிடறேன், அது புரிஞ்சா மத்தது தானா புரிஞ்சிடும். அந்தக் காலத்துக் கதவுக்கெல்லாம் எண்ணெய் பெயிண்ட்தான். எண்ணெய் பெயிண்ட் காயறதுங்கறது தண்ணி ஆவியாகிப் போற மாதிரி இல்ல, காத்துல இருக்கற ஆக்சிஜன எடுத்துக்கிட்டு இறுகிக்கிட்டே போறது, ஒரு வாரத்துல தொட்டா ஒட்டாதே தவிர உள்ளுக்குள்ள அந்த வேலை வருஷக்கணக்கா நடந்துக்கிட்டே இருக்கும், கடைசில அப்பளம் மாதிரி ஆயிடும். மரம் சும்மா இருக்குமா, ஐப்பசி கார்த்திகைக்கு ஊதும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும், அதுவும் நீளவாக்குல அசைவே தெரியாது, குறுக்குவாக்குலதான் அசையும். அப்பளமா ஆன பெயிண்ட்டால அதுக்கு ஈடு குடுக்க முடியாம வெடிச்சிடும். அதனாலதான் பழைய கதவுல வெடிப்பு பெரும்பாலும் மரத்து ரேகைய ஒட்டி மேலிருந்து கீழ ஓடும். பொங்கலுக்குப் பொங்கல் மேல மேல அடிச்சுத் தடிச்சுப்போன கதவுன்னா முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா வெடிக்கும்.

நாம பசைய வெச்சுப் பண்றது வேற வழி. அடியில இருக்கறது மெதுவா காயணும், மேல இருக்கறது வேகமா காயணும், அவ்வளவுதான் விஷயம். மேல் கோட்டுல இருக்கற தண்ணி போகப் போக அது சுருங்கப் பாக்கும், அடியில கெட்டியான பிடிமானம் இருந்தா சுருங்காம நிக்கும், ஆனா அடியில பசை இன்னும் இளகலா இருக்கறதால அது மேல வழுக்கிக்கிட்டு ஆளுக்கொரு பக்கமா இழுத்துப் பிரிஞ்சிடும். தொழில் கத்துக்க வரும்போது மேஸ்திரி முதல்ல சொல்லிக்குடுக்கறதே அடி கோட் காயாம மேல கைய வைக்காதேங்கறதுதான், அந்தத் தப்பத்தான் இங்க தெரிஞ்சே பண்றோம்.

இப்ப உங்க ரெண்டு தடவையும் பாருங்க. முதல் தடவை பசை பூராவும் காஞ்சு கண்ணாடி ஆயிடுச்சு, அது அடியில கெட்டிப் பிடிமானமா மாறிடுச்சு, அப்புறம் எப்படி வெடிக்கும். அதோட அந்த விலை கூடின எமல்ஷன்ல ரெசின் அதிகம், ரப்பர் மாதிரி இழுபடும், சுவத்துல மயிரிழை வெடிப்பு வரக்கூடாதுன்னே அப்படிப் பண்ணியிருக்காங்க. உங்களுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரானது. மலிவான மேட் எமல்ஷன், இல்லைன்னா அக்ரிலிக் டிஸ்டெம்பர், அதுல பவுடர் ஜாஸ்தி, பிடிக்கிற சரக்கு கம்மி, அழகா வெடிக்கும். ரெண்டாவது தடவை பசை பாலா இருக்கும்போதே அடிச்சிட்டீங்க, ரெண்டும் கலந்துடுச்சு. அதுக்கு மேல பிரஷ்ஷ ஓட்டினது இன்னும் மோசம். அடியில பளபளப்பு எனாமல் வேண்டாம்மா, தண்ணில கலக்கற பசை அது மேல நிக்காது, நாள் ஆக ஆக தோல் மாதிரி உரிஞ்சு வரும். ஏற்கெனவே அடிச்சாச்சுன்னா 220 நம்பர் உப்புத்தாள் போட்டு பளபளப்பு சுத்தமா போற வரைக்கும் தேய்ச்சிடுங்க, அது மேல காவி கலர்ல எமல்ஷன் ஒரு கோட் குடுத்து ஒரு நாள் விடுங்க.

பசைய பிரஷ் ஓடற அளவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணி விட்டு, அலமாரியப் படுக்கப் போட்டு, மரத்து ரேகை போற வாக்குலயே தடவுங்க. நிக்க வெச்சுத் தடவினா வழிஞ்சு கீழ சேந்துடும். இப்பதான் முக்கியமான இடம். வெள்ளையா இருந்த பசை ஓரத்துலேர்ந்து மங்கி நிறம் தெளிய ஆரம்பிக்கும். அப்ப விரல் நுனிய லேசா வெச்சு எடுங்க. விரல்ல வெள்ளையா பசை ஒட்டிக்கிட்டு வந்தா இன்னும் நேரம் இருக்கு. விரல் ரேகை மட்டும் பசை மேல பதிஞ்சு, எடுக்கும்போது லேசா பிடிச்சு இழுத்து 'டப்'னு விட்டா அதுதான் பதம். பலாப்பழம் உரிச்ச கை கொஞ்ச நேரம் கழிச்சு இருக்குமே, அந்த ஒட்டல். மதுரையில மாசி பங்குனில எனக்கு பத்து, பன்னண்டு நிமிஷத்துல அந்தப் பதம் வந்துடும், உங்க ஊர்ல இப்ப மழைக்கு அரை மணி, முக்கால் மணி கூட ஆகும். வீடியோல சொல்ற நிமிஷக் கணக்க நம்பாதீங்க, விரல நம்புங்க.

பதம் வந்ததும் ரெண்டு இன்ச் பிரஷ்ல பெயிண்ட் நிறைய எடுத்து ஒரே இழுப்பு. திரும்ப அந்த இடத்துக்குப் போகவே கூடாது, விட்டுப்போனா விட்டுப்போகட்டும், அடி கலர்தான தெரியப்போகுது. ரெண்டு மூணு நிமிஷத்துல முதல்ல ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு விழும், அப்புறம் அதுலேர்ந்து கிளை பிரியும், பாத்துக்கிட்டு இருக்கும்போதே கோடு அகலமாகி உள்ள இருக்கற காவி எட்டிப் பாக்கும். இத்தன வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அந்த நேரத்துல வேற வேலை பாக்க மாட்டேன், நின்னு பாத்துட்டுதான் போவேன்.

பசை தடிமனா இருந்தா வெடிப்பு அகலமா வரும், மெலிசா இருந்தா நூல் மாதிரி. பிரஷ்ல அடிச்சா இழுத்த வாக்குல கோடு கோடா போகும், ஸ்பாஞ்ச்ல ஒத்தி எடுத்தா சிலந்தி வலை மாதிரி எல்லாப் பக்கமும் வரும். உங்களுக்குக் கதவு மாதிரிதான வேணும், அப்ப பிரஷ், மேலிருந்து கீழ. மழை நாள்ல ஹேர் டிரையர ஒரு அடி தள்ளி வெச்சு மெதுவா காட்டலாம், மேல் தோல் சீக்கிரம் காய உதவும். முதல்ல ஒரு பிளைவுட் துண்டுல பண்ணிப் பாருங்க, நேரா அலமாரில கை வைக்காதீங்க.

களிமண்கை:

மேல அண்ணன் சொன்னது அப்படியே எங்க தொழில்லயும் இருக்கு, அதான் ஆசையா எழுத வந்தேன். நான் பாண்டிச்சேரில செராமிக் பண்றேன். எங்களுக்கு மண் பாத்திரம் சூளையில இருந்து ஆறும்போது மண்ணும் சுருங்கும், மேல கண்ணாடி மாதிரி இருக்கற பூச்சு, கிளேஸ்னு சொல்வோம், அதுவும் சுருங்கும். கிளேஸ் மண்ண விட அதிகமா சுருங்கற கலவையா இருந்தா அதால தாங்க முடியாம மெல்லிசா வெடிச்சிடும். சாப்பிடற தட்டுல அது குறை, குழம்பு உள்ள இறங்கும். ஆனா சீனாவுல சோங் அரசர்கள் காலத்துலேயே (960–1279) அதைக் குறையா பாக்காம அழகா எடுத்துக்கிட்டாங்க, அரண்மனைக்குன்னு செஞ்ச குவான் வகைப் பாத்திரங்கள்ல அந்த வெடிப்ப வேணும்னே வரவைப்பாங்க. கே-ன்னு இன்னொரு வகை இருக்கு, அதுல பெரிய வெடிப்பு கறுப்பா, அதுக்கு நடுவுல சின்ன வெடிப்பு பொன் நிறமா ஓடும், தங்க நூல் இரும்புக் கம்பின்னு அதுக்கு அவங்க ஊர்ல பேரே உண்டு. வெடிப்பு தெரியறதுக்கு மையோ டீயோ ஏத்துவாங்க.

எனக்கு இதுல இருந்து உங்களுக்குச் சொல்லணும்னு தோணறது ஒண்ணுதான், எல்லா வெடிப்பும் ஒரே சைஸ்ல இருந்தா அது அச்சடிச்ச டிசைன் மாதிரி ஆயிடும். பெரிசும் சின்னதும் கலந்து இருந்தாதான் கண்ணு நம்பும். அதனால பசைய ஒரே சீரா தடவாதீங்க, நடுவுல கொஞ்சம் தடிப்பா, ஓரத்துல மெலிசா, சில இடத்துல தடவாமலே கூட விடுங்க, அங்க வெடிக்காது, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, இதப் படிச்சிட்டு யாராவது மண் தொட்டில முயற்சி பண்ணப் போறீங்கன்னா, சுட்ட மண் தண்ணிய உறிஞ்சிடும், பசையில இருக்கற ஈரத்த அப்படியே குடிச்சிடும், பதம் வர்றதுக்குள்ள காஞ்சிடும். முதல்ல பிரைமரோ ரெண்டு கோட் எமல்ஷனோ குடுத்து மண்ணோட வாய அடைக்கணும். செடி வைக்கறதா இருந்தா உள்பக்கமும் வாட்டர் புரூஃப் பண்ணணும், இல்லைன்னா ஊத்தற தண்ணி சுவர் வழியா வெளிய கசிஞ்சு பெயிண்ட்ட தள்ளிடும். உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி வெச்சிட்டா கவலையே இல்ல.

பழங்கடை:

சகோதரி, உங்க கதவு போன கதையப் படிச்சதும் மனசுக்குக் கஷ்டமா போச்சு. எனக்கு காரைக்குடி பக்கம், பழைய சாமான் வாங்கி விக்கற வேலை. முனீஸ்வரன் கோயில் தெருவுல நடந்தீங்கன்னா அந்த மாதிரி வீட்டுக் கதவு, தூண், பெட்டி, எனாமல் தூக்குன்னு தெருவோரம் வரைக்கும் அடுக்கி வெச்சிருப்பாங்க, எங்க கைக்கு வர்றதெல்லாம் இப்படி இடிச்ச வீட்டுலேர்ந்து வர்றதுதான். உங்க கதவும் எங்கயாவது ஒரு கடையில சாஞ்சு நிக்குதோ என்னவோ.

நான் தினமும் நிஜப் பழசப் பாக்கறவன்ங்கறதால ஒரு விஷயம் சொல்றேன். வெடிப்பு மட்டும் வந்துட்டா பழசாயிடாது. ஒரு கதவ எடுத்துக்கங்க, தாழ்ப்பாள் பக்கம் வருஷக்கணக்கா கை பட்டுப் பட்டு பெயிண்ட் வெடிக்கறதுக்கு முன்னாடியே தேஞ்சு போயிருக்கும், மரம் வழவழன்னு கறுத்து எண்ணெய் ஏறி இருக்கும். கீழ ஒரு சாண் உயரத்துக்கு வீடு கழுவற தண்ணி பட்டு பெயிண்ட் உதிர்ந்தே போயிருக்கும். வெயில் படற பக்கம் வெடிப்பு ஜாஸ்தி, கதவு திறந்து சுவர் மேல சாயற பக்கம் கம்மி. கீல் ஓரத்துல பெயிண்ட் தடிச்சு நிக்கும், ஏன்னா அங்க யாரும் தேய்க்கறதே இல்ல. அடுக்களைக் கதவுன்னு சொல்றீங்க, அப்ப மேல் பாதி புகை ஏறி மங்கிப்போய் இருந்திருக்கும், நினைவு படுத்திப் பாருங்க. நீங்க அலமாரில பண்ணும்போது குட்டிக் கதவ எந்தக் கையால, எந்த இடத்துல பிடிச்சுத் திறப்பீங்கன்னு பத்து தடவை திறந்து மூடிப் பாத்துட்டு, அந்த இடத்துல பசை தடவறதுக்கு முன்னாடி சாதா மெழுகுவத்திய தேய்ச்சிடுங்க. மெழுகு மேல பெயிண்ட் பிடிக்காது, காஞ்சப்புறம் ஒரு ஸ்பூன் முனையால சுரண்டினா அழகா விட்டுக்குடுக்கும், தேஞ்ச மாதிரியே இருக்கும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். இதப் படிக்கறவங்க வீட்ல தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டியோ, பழைய மரப் பொம்மையோ இருந்தா தயவுசெஞ்சு அதுல இதப் பண்ணாதீங்க. அம்பது அறுபது வருஷத்துல தானா வந்த மேல்தோலச் சுரண்டிட்டு அது மேல போலியா பழசு அடிக்கறது எனக்குத் தாங்கவே முடியாது. போன மாசம் ஒரு வீட்ல நல்ல பர்மா தேக்குப் பெட்டி, பித்தளைப் பூண் போட்டது, அதுல வெள்ளை பெயிண்ட் அடிச்சு கிராக்கிள் பண்ணி வெச்சிருந்தாங்க. ரெண்டு கையும் அது மேல வெச்சிட்டு கொஞ்ச நேரம் பேச முடியல எனக்கு. புது மரத்துல, பிளைவுட்ல, கடையில வாங்கின ஃபிரேம்ல எவ்வளவு வேணா பண்ணுங்க. உங்க மாமர அலமாரி சரியான தேர்வு.

நகத்தால பேத்து எடுப்போம்னு எழுதியிருக்கீங்க. பழைய எண்ணெய் பெயிண்ட்ல ஈயம் சேத்திருப்பாங்க, அது குழந்தைங்க வயித்துக்குப் போனா மூளை வளர்ச்சியவே பாதிக்கும். நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்கு, தாண்டக்கூடாதுன்னு 2016ல விதி போட்டு 2017 நவம்பர்லேர்ந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதனால யாராவது பழைய கதவு, ஜன்னல வாங்கி வேலை பண்றீங்கன்னா காஞ்ச உப்புத்தாள் போட்டு தூசி கிளப்பாதீங்க, தண்ணி தொட்டுத் தேய்க்கற வாட்டர் பேப்பர் போடுங்க, நல்ல மாஸ்க் மாட்டுங்க, பிள்ளைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க, தேய்ச்ச கழிவ செடிக்கு ஊத்தாதீங்க.

மொட்டைமாடி:

அய்யோ இவ்வளவு பொறுமையா எழுதியிருக்கீங்க எல்லாரும், ரொம்ப ரொம்ப நன்றி. தூரிகைக்காரன் அண்ணா, அந்த பலாப்பழக் கை உவமைய படிச்சதும் என்ன பதம்னு உடனே புரிஞ்சிடுச்சு. பழங்கடை அண்ணா, நீங்க கேட்டப்புறம் கண்ண மூடி யோசிச்சேன், ஆமா, மேல் பாதி மங்கித்தான் இருக்கும், தாழ்ப்பாள் பக்கத்துல மரம் கறுப்பா வழவழன்னு இருக்கும், பாட்டி அதுல கைய வெச்சு நின்னுக்கிட்டுதான் கூடத்துல இருக்கறவங்ககிட்ட பேசுவாங்க. இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்துச்சு.

இன்னொரு சந்தேகம். தாத்தா பாட்டி போட்டோவுக்கு ஒரு புது மர ஃபிரேம் வாங்கியிருக்கேன், அதுல கதவு மாதிரி அகலமா வேண்டாம், பழைய ஓவியங்கள்ல இருக்கற மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம நூல் நூலா வேணும். அதுக்கும் இதே பசைதானா?

எண்ணெய்ச்சாயம்:

அதுக்கு முறையே வேறங்க. நான் ஓவியக் கல்லூரில படிச்சவ, இப்ப கோயம்புத்தூர்ல பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். நீங்க சொல்றது பெயிண்ட் வெடிப்பு இல்ல, வார்னிஷ் வெடிப்பு. மேல இருக்கறது ஒளி ஊடுருவற தோல், அது வெடிச்சு, அந்த வெடிப்புக்குள்ள கறுப்போ பிரவுனோ ஏத்தினாதான் கண்ணுக்கே தெரியும்.

முதல்ல ஃபிரேமுக்கு வேண்டிய கலர் அடிச்சு நல்லா காயவிட்டுடணும். அது மேல எண்ணெய் வார்னிஷ் மெலிசா ஒரு கோட், மெதுவா காயற வகை. அது ஒட்டியும் ஒட்டாம இருக்கற நிலைக்கு வர சில மணி நேரம் ஆகும். அப்ப அது மேல கருவேலம்பிசின் கரைசல தடவணும். நாட்டு மருந்துக் கடையில கட்டியா கிடைக்கும், இடிச்சு வெந்நீர்ல ராத்திரி பூரா ஊறவெச்சு துணில வடிகட்டினா தேன் பதத்துல இருக்கும். ஓவியச் சாமான் கடையில ரெண்டு பாட்டில் செட்டாவே விப்பாங்க, அதுலயும் இதே தத்துவம்தான். எண்ணெய் மேல தண்ணிப் பசை முதல்ல திரண்டு திரண்டு விலகும், பயப்படாதீங்க, விரலாலயே மெதுவா தடவிக் குடுத்துட்டே இருந்தா பிடிச்சிடும், அது சீரா பரவற வரைக்கும் விடக்கூடாது. பிசின் காய்ஞ்சு கண்ணாடி மாதிரி விறைப்பாகும், அடியில எண்ணெய் இன்னும் இளகல், வெடிச்சிடும். நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாதான் நூல் வலை தெரியும்.

அடுத்த நாள் பர்ன்ட் அம்பர்ங்கற கரும்பழுப்பு ஆயில் கலர் ட்யூப்லேர்ந்து பட்டாணி அளவு எடுத்து துணியால வட்டமா தேய்ச்சு வெடிப்புக்குள்ள இறக்கிட்டு, வேற துணியால மேல இருக்கறத தொடச்சு எடுத்துடணும். ஆயில் கலர்தான் போடணும், தண்ணில கலக்கற அக்ரிலிக் போட்டா பிசின் கரைஞ்சு மொத்தமும் கையோட வந்துடும். டீ, காபி டிகாஷன் தடவலாம்னு சில பேர் சொல்றாங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு அது பூஞ்சைக்கு விருந்து, வேண்டாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு எண்ணெய் வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம் அடிக்கணும். ஏன்னா பிசின் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், சீல் பண்ணாம விட்டா மழை நாள்ல இளகி வெடிப்பு மூடிக்கும். அதனால இத மட்டும் மழை முடிஞ்சு தை மாசத்துல பண்ணுங்க, கார்த்திகைல சென்னையில பண்ணி வருத்தப்படாதீங்க.

பழைய ஓவியம்னு சொன்னீங்கல்ல, வெடிப்பு வெச்சே ஒரு ஓவியம் எந்த ஊர் வழக்கத்துல வரைஞ்சதுன்னு நிபுணர்கள் ஓரளவுக்கு சொல்வாங்க. மரப்பலகைல வரைஞ்சா பலகையோட ரேகைய ஒட்டி வெடிக்கும், துணில வரைஞ்சா வேற மாதிரி, ஏன்னா அடியில அசையறது வேற. மோனா லிசா கூட பாப்லர் மரப் பலகை மேல வரைஞ்சதுதான், முகம் பூரா நூல் வலை இருக்கும். நம்ம தஞ்சாவூர் ஓவியமும் பலகைல துணி ஒட்டி, அது மேல சுண்ணாம்புப் பொடி பூசி வரையறது, பழசுல அந்தப் பூச்சே வெடிச்சிருக்கும். உங்க ஃபிரேம் மரம்ங்கறதால நாலு பக்கமும் வெடிப்பு அந்தந்தக் கட்டையோட நீளத்துக்குப் போற மாதிரி வார்னிஷ் பிரஷ்ஷ இழுங்க, மூலைல சேரும்போது அதுவே அழகா திரும்பும்.

மொட்டைமாடி:

பதினோரு நாள் ஆச்சு, வந்து சொல்லிடறேன்னு நினைச்சேன்.

பழசு எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கவே ஒரு ஞாயித்துக்கிழமை பூரா போச்சு. காவி எமல்ஷன் அடிச்சிட்டு, டிஸ்டெம்பர்ல நீல ஸ்டெய்னரும் ஒரு சொட்டு பச்சையும் விட்டு அந்தக் கலர் கொண்டுவர நாலு தடவை கலந்தேன், தம்பிக்கு போட்டோ அனுப்பி அனுப்பி கேட்டேன், நாலாவதுக்குத்தான் 'இதான்கா'ன்னான். பிளைவுட் துண்டுல மூணு கட்டம் போட்டு, இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், நாப்பது நிமிஷம்னு விட்டுப் பாத்தேன். இருபதுல கலந்துடுச்சு, முப்பதுல சுமாரா வந்துச்சு, நாப்பதுல அண்ணா சொன்ன அந்த டப். அன்னிக்கு மழை இல்ல, ஆனா துணி காயாத மாதிரி ஈரம்.

அலமாரில குட்டிக் கதவுலதான் முதல்ல பண்ணேன். மெழுகு தேய்ச்சு, பசை தடவி, விரல் வெச்சு வெச்சுப் பாத்து, பதம் வந்ததும் மேலிருந்து கீழ ஏழு இழுப்பு. ஒண்ணுமே நடக்கலையேன்னு பிரஷ்ஷ கழுவப் போயிட்டு திரும்பி வந்தா வலது ஓரத்துல கோடு விழுந்திருக்கு. தரைல உக்காந்துட்டேன். சத்தமே இல்லாம நீலம் விலகி விலகி காவி வருது. தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன், அவனும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் 'நகத்த வெச்சுடாதக்கா'ன்னான்.

பக்கச் சுவர் ரெண்டும் நல்லா வந்துச்சு, கீழ்த்தட்டுல மட்டும் பசை சீக்கிரம் காஞ்சு பாதி இடம் வெடிக்காம நின்னுடுச்சு, களிமண்கை சொன்னத நினைச்சு அப்படியே விட்டுட்டேன். தாழ்ப்பாள் பக்கம் மெழுக சுரண்டி, அந்த இடத்துல மட்டும் பர்ன்ட் அம்பர விரலால தேய்ச்சிருக்கேன். ஃபிரேம தை மாசத்துக்கு எடுத்து வெச்சாச்சு.

இப்ப மேல என்ன அடிக்கணும்? டிஸ்டெம்பர் கைல மாவு மாதிரி ஒட்டுது. வீட்ல தண்ணில கலக்கற வார்னிஷ் இருக்கு, அத அடிக்கலாமா?

தூரிகைக்காரன்:

ரொம்ப சந்தோஷம்மா, படிக்கவே நல்லா இருந்துச்சு. தண்ணி வார்னிஷ்ஷ பிரஷ்ல அடிக்காதீங்க, அடியில இருக்கற பசை திரும்ப இளகி வெடிப்பு நகந்துடும், சில இடத்துல வெள்ளையா பூத்துடும். ஸ்பிரே கேன்ல வர்ற மேட் கிளியர் வாங்கி, ஒரு முழம் தள்ளி நின்னு மெலிசா மூணு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை மணி விட்டு அடிங்க. மொட்டை மாடில இல்ல, காத்து வர்ற ஆனா சாரல் படாத இடத்துல. எண்ணெய் வார்னிஷ் போட்டா நாளடைவுல மஞ்சள் தட்டும், நீலம் இன்னும் கொஞ்சம் பச்சையா திரும்பும், உங்க பாட்டி வீட்டுக் கதவு கலருக்கு அதுவும் ஒத்துவரலாம், அந்த பிளைவுட் துண்டுல அடிச்சு வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எது அடிச்சாலும் ஈரத்துணி போட்டு தேய்க்காதீங்க, காஞ்ச துணியால தூசி தட்டினா போதும். அஞ்சறைப் பெட்டி, எண்ணெய்ப் பாட்டில் வைக்கற எண்ணம் இருந்தா தட்டுக்கு மேல ஒரு கண்ணாடி வெட்டிப் போட்டுக்கங்க.

மொட்டைமாடி:

சரிண்ணா, துண்டுல ரெண்டு பாதியா ரெண்டையும் அடிச்சுப் பாக்கறேன். மேல் தட்டுல பாட்டியோட வெத்தலைப் பெட்டிய வைக்கப்போறேன், அதுக்குக் கண்ணாடி வெட்டச் சொல்லிட்டேன்.